சைல்டு தீமில் டெம்ப்ளேட்டை முழுசாக நகலெடுக்கலாமா?

முகில்:
வேர்ட்பிரஸ் தளம். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே எழுதியவரைப் பற்றிய அறிமுகப் பெட்டி வேண்டும். பேரண்ட் தீமின் (தளத்தின் தோற்றத்தைத் தரும் மூலத் தீம்) சிங்கிள்.பிஎச்பியை (தனிப் பதிவின் பக்கத்தை அமைக்கும் டெம்ப்ளேட் கோப்பு) சைல்டு தீமுக்கு (நம் மாற்றங்களை மட்டும் வைக்கும் துணைத் தீம்) நகலெடுத்து மாற்றலாம் என்று இருக்கிறேன். ஒரே பெயரில் இருந்தால் சைல்டு கோப்பைத்தானே முதலில் எடுக்கும்?

இளம்பரிதி:
எடுக்கும். சிக்கலும் அங்கேதான். நகலெடுத்த அன்றோடு அந்தக் கோப்பு உறைந்துவிடும். நாளை பேரண்டில் அதே கோப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்தாலும் உங்கள் தளம் பழைய நகலையே ஓட்டும், எச்சரிக்கைகூட வராது. ஒரு பெட்டிக்காக இது வேண்டாம். பதிவின் உள்ளடக்கத்தைக் காட்டும் முன் மாற்ற உதவும் 'தி_கன்டென்ட்' ஃபில்டரில் சில வரி எழுதினால் போதும்.

செந்தாழை:
எனக்கு உடன்பாடில்லை. எல்லாவற்றையும் ஹூக்கில் (ஃபில்டர் போல, நம் நிரல் வரிகளை இணைக்க வேர்ட்பிரஸ் தரும் இடம்) மாட்டினால், அந்த வரிகளை எழுதும் ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி கோப்பு வீங்கிப்போகும். பிறகு தளத்தைக் கையில் எடுப்பவருக்கு அந்தப் பெட்டி எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. டெம்ப்ளேட் கோப்பு என்றால் ஃபோல்டரைத் திறந்ததும் கண்ணில் படும். இன்னொன்று, சைல்டின் ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி பேரண்டுடையதற்கு முன்பே ஏறிவிடுகிறது. அதில் நேரடியாக, பேரண்ட் ஹூக்கில் மாட்டியதை நீக்கும் 'ரிமூவ்_ஆக்‌ஷன்' எழுதினால், நீக்க அங்கே இன்னும் எதுவும் இருக்காது. புதியவர்கள் இதில் மாட்டித் தவிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இளம்பரிதி:
அது உண்மைதான். 'ஆஃப்டர்_செட்டப்_தீம்' போல பின்னால் ஓடும் ஹூக்குக்குள் வைத்து, பேரண்ட் கொடுத்த அதே ப்ரையாரிட்டி (ஓடும் வரிசை) எண்ணையும் கொடுக்க வேண்டும். ஆனால் இதை ஒருமுறை கற்றால் போதும். உறைந்த நகல் ஒவ்வொரு அப்டேட்டிலும் தொல்லை தரும். வூகாமர்ஸ் (இணையக் கடைக்கான ப்ளகின்) டெம்ப்ளேட்டுகளில் பதிப்பு எண் இருக்கிறது, நகல் பழசாகிவிட்டால் ஸ்டேட்டஸ் பக்கமே சொல்லிவிடும். சாதாரண தீம்களில் அந்த வசதி ஏது? நகலெடுத்தே ஆக வேண்டுமென்றால் டெம்ப்ளேட்டுக்குள் 'கெட்_டெம்ப்ளேட்_பார்ட்' அழைக்கும் சின்னத் துண்டுக் கோப்பை மட்டும் எடுங்கள்.

செந்தாழை:
துண்டு மட்டும் என்பது சரி, அதை ஏற்கிறேன். ஆனால் பக்கத்தின் அமைப்பையே மாற்றும்போது? ஹூக் இல்லாத இடத்தில் சிலர் பழைய பகுதியை சிஎஸ்எஸ்ஸில் (தோற்ற விதிகள்) மறைத்துவைக்கிறார்கள். மறைத்தாலும் அந்த எச்டிஎம்எல் பிரவுசருக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். அதைவிட நகல் ஆயிரம் மடங்கு மேல். பேரண்டின் மூலக் கோப்பை கிட்டில் (கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) வைத்து, அப்டேட் வரும்போது ஒப்பிட்டுப் பாருங்கள். தளத்தைப் பராமரிப்பது என்றால் இந்த வேலையும் சேர்த்துத்தான்.

இளம்பரிதி:
ஒப்பிட ஆள் இருக்கும் தளத்துக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். பெரும்பாலான தளங்களில் அப்டேட் பொத்தானை அழுத்துவதோடு சரி. அவர்களை மனதில் வைத்துத்தான் பேசுகிறேன்.

முகில்:
அப்போது பெட்டிக்கு ஃபில்டரே போதும். அப்புறம் ஒரு சந்தேகம். இன்னொரு தளத்தில் ப்ளாக் தீம் (டெம்ப்ளேட்டுகள் எச்டிஎம்எல் கோப்புகளாக இருக்கும் வகை). சைல்டில் சிங்கிள்.எச்டிஎம்எல் வைத்தும் எதுவும் மாறவில்லையே?

செந்தாழை:
சைல்டு தீமை இயக்கிய பிறகு சைட் எடிட்டரில் அந்த டெம்ப்ளேட்டைத் திருத்திச் சேமித்தீர்களா? அந்தத் திருத்தம் டேட்டாபேஸில் இருக்கும், கோப்பை மிஞ்சிவிடும். எடிட்டரில் அதை மீட்டமைத்தால் உங்கள் கோப்பு தெரியும். மீட்டமைத்தால் அங்கே செய்த திருத்தம் போய்விடும், முதலில் அதை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.