ஞாயிறு ஷிப்ட் வந்தால் ஓய்வுநாளை எப்படி அனுசரிப்பது?

ஈசூன்_ஜெபக்குழு:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் வீட்டு ஜெபக்குழுவில் பாதிப்பேருக்கு ஷிப்ட் வேலை. தாதியர், சிப் தொழிற்சாலை ஆட்கள், பேருந்து ஓட்டுநர்கள். நாலு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு என்று சுற்றும் ரோஸ்டரில் ஆறு வாரத்துக்கு இரண்டு ஞாயிறுதான் கைக்கு வரும், அதுவும் அடுத்தடுத்து. மீதி நாலும் போச்சு. ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரி என்ற நான்காம் கட்டளையை மீறுகிறோமா என்று கேட்கிறார்கள். புதனையோ வியாழனையோ ஓய்வுநாளாக வைத்துக்கொண்டால் போதுமா? சனிக்கிழமைதான் சரி என்பவர்களுக்கு என்ன ஆதாரம்? அன்றைக்கு எதைச் செய்யலாம், எதை விடவேண்டும்? பிரசங்கம் வேண்டாம், வசன எண்ணோடு சொல்லுங்கள்.

மூப்பர்_பிடோக்:

கட்டளை இரண்டு இடத்தில் வருகிறது, காரணம் வேறுவேறு. யாத்திராகமம் 20:8-11 படைப்பைக் காட்டுகிறது. உபாகமம் 5:12-15 எகிப்தைக் காட்டுகிறது: நீ அடிமையாயிருந்தாய், கர்த்தர் உன்னை வெளியே கொண்டுவந்தார், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறட்டும் என்கிறது. ஞாயிறு பள்ளியில் முதலாவதை மனப்பாடம் செய்ய வைத்து, இரண்டாவதைத் தாண்டிப்போய்விடுகிறோம். ஷிப்டில் உழைப்பவர் முதலில் படிக்கவேண்டியது இரண்டாவதைத்தான். எகிப்து மன்னன் பார்வோன் வைக்கோலை நிறுத்திவிட்டுச் செங்கல் கணக்கைக் குறைக்காமல் கேட்டான், போய்ப் பலியிட வேண்டும் என்று கேட்டவர்களைச் சோம்பேறிகள் என்றான் (யாத். 5). அந்த ஜனத்துக்குக் கொடுத்த கட்டளை இது.

இனி நாள் விஷயம். இதில் கூடிவரும் நாளையும் வேலையை நிறுத்தும் நாளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஆதிச்சபை வாரத்தின் முதல் நாளில் அப்பம் பிட்கக் கூடியது (அப். 20:7, காணிக்கைக்கு 1 கொரி. 16:2). ஆனால் ரோமப் பேரரசில் ஞாயிறு விடுமுறை நாள் கிடையாது. கி.பி. 112 வாக்கில் ஆளுநர் பிளினி பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள் என்கிறார். அவர்களில் அடிமைகளும் உண்டு. பொழுது விடிந்தால் எஜமான் வீட்டு வேலை காத்திருக்கும். ஞாயிறு சட்டப்படி ஓய்வுநாளானது கான்ஸ்டன்டைன் 321-இல் போட்ட ஆணையால். அதிலும் நகரத்தாருக்குத்தான் ஓய்வு, விவசாயிக்கு விலக்கு. ஆக ஞாயிறு கூடுவதும் வேறொரு நாளில் ஓய்வதும் சபைக்குப் புதிதில்லை.

எங்கள் பிரஸ்பிட்டேரியன் மரபு இரண்டையும் ஞாயிற்றிலேயே சேர்க்கிறது. 1646-இல் முடித்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை அப்படித்தான் சொல்கிறது, ஆனால் அவசிய வேலைக்கும் இரக்கத்தின் வேலைக்கும் இடம் விடுகிறது. தாதி செய்வது இரக்கத்தின் வேலை, அதில் பேச்சே வேண்டாம். ஆசாரியர்கள் ஓய்வுநாளில் ஆலயத்தில் வேலை செய்தும் குற்றமற்றவர்கள் என்று இயேசுவே சொல்கிறார் (மத். 12:5). சிப் தொழிற்சாலையை இரக்கத்தில் சேர்க்க முடியாது. இயந்திரத்தை நிறுத்தினால் நஷ்டம் என்பது முதலாளியின் அவசியம். ஆனால் ரோஸ்டர் போடுவது தொழிலாளி இல்லையே. நாட்களைப் பற்றி அவனவன் தன் மனதில் நிச்சயித்துக்கொள்ளட்டும் என்ற ரோமர் 14:5-ஐயும், ஓய்வுநாளைக்குறித்து ஒருவரும் உங்களைக் குற்றப்படுத்தாதிருக்கட்டும் என்ற கொலோசெயர் 2:16-ஐயும் வைத்துக்கொண்டு அவரைக் குற்றப்படுத்த என் மனம் ஒப்பவில்லை.

எபிரெயர் 4:9-10-ஐயும் குழுவில் வாசியுங்கள். கானானுக்குள் போனதோடு ஓய்வு முடியவில்லை, இன்னும் ஒன்று மீதியிருக்கிறது, அதற்குள் வந்தவன் தன் கிரியைகளை விட்டு ஓய்ந்திருக்கிறான் என்கிறது. ஞாயிறு தவறியதால் தேவனிடம் மதிப்பெண் குறைந்துவிட்டது என்று பதறுகிறவர் இன்னும் அந்த ஓய்வுக்குள் வரவில்லை.

சூரியாஸ்தமனம்:

நான் அட்வென்டிஸ்ட், சனிக்கிழமையை ஓய்வுநாளாக அனுசரிக்கும் சபை. மூப்பர் ஐயா சொன்னதில் பாதிக்கு உடன்பாடு. நாளை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, தேவன் ஆசீர்வதித்துப் பரிசுத்தமாக்கியது ஏழாம் நாளை (ஆதி. 2:3), அப்போது இஸ்ரவேலும் இல்லை, நியாயப்பிரமாணமும் இல்லை. கொலோசெயர் 2 சொல்வது பண்டிகை ஓய்வுகளைப் பற்றி என்பது எங்கள் வாசிப்பு.

நடைமுறைக்கு வருகிறேன், ஏனென்றால் எந்த நாளை வைத்தாலும் இது உதவும். வெள்ளி அஸ்தமனம் முதல் சனி அஸ்தமனம் வரை அனுசரிக்கிறோம். சிங்கப்பூரில் அஸ்தமனம் வருடம் முழுக்க மாலை 6:50-க்கும் 7:20-க்கும் நடுவில்தான். நவம்பர் தொடக்கத்தில் சீக்கிரம், பிப்ரவரியில் தாமதம். ஆறு மணிக்கு அலுவலகம் விட்டால் எம்ஆர்டி ரயிலில் நிற்கும்போதே நாள் தொடங்கிவிடும். வெள்ளி சாயங்காலம் ஆயத்தம் செய்யலாம் என்று இருப்பவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். ஆயத்தம் வியாழன் இரவே. துணி துவைத்து இஸ்திரி, சந்தை, ஊருக்குப் பணம் அனுப்புவது, கட்டணங்கள் எல்லாம் அன்றே முடியட்டும். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா என்ற அப்பம் கிடைத்த கதையிலும் ஆறாம் நாளில் ஆளுக்கு இரண்டு ஓமர் அளவு சேர்த்து, சுடவேண்டியதைச் சுட்டு, வேகவைக்கவேண்டியதை வேகவைத்து வைத்தார்கள் (யாத். 16:22-23). சமையலில் தேங்காய்ச் சட்னியை நம்பாதீர்கள், இந்த ஊர் வெக்கைக்கு மறுநாள் புளித்துப்போகும். வற்றல்குழம்பு, புளிக்காய்ச்சல் நிற்கும். சாதத்தை ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் சூடாக்கினால் போதும். சூடாக்குவதை எங்களில் பெரும்பாலோர் வேலையாக எண்ணுவதில்லை.

லூர்து_பாடகர்:

கத்தோலிக்கருக்கு இது மூன்றாம் கட்டளை, எண் மாறுவதைக் கண்டு குழம்பவேண்டாம். சனி மாலைத் திருப்பலி ஞாயிறு கடமையை நிறைவேற்றும் (திருச்சபைச் சட்டம் 1248). அதுவும் முடியாத ரோஸ்டர் என்றால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள், தனி ஆளுக்கு விலக்களிக்க அவருக்கு அதிகாரம் உண்டு (1245). ஆனால் முதலில் கேட்கவேண்டும். நாலு ஞாயிறு விட்டபின் சொல்வது விலக்கு கேட்பதாகாது.

இன்னொன்று. பாடகர் குழு, மறைக்கல்வி, கூட்டம் என்று காலை 7 முதல் மாலை 4 வரை கோவிலிலேயே நிற்பவர் கூடிவந்தார், சரி. ஓய்ந்தாரா?

மனிதவளம்_பார்ப்பவர்:

சட்டப் பக்கம் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டத்தின் 4-ஆம் பகுதி வாரம் ஒரு ஓய்வு நாள் தருகிறது. உடலுழைப்புத் தொழிலாளருக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 4,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, மற்றவர்களுக்கு 2,600 வெள்ளி வரை இது பொருந்தும். அந்த நாள் ஞாயிறாக இருக்கவேண்டும் என்று இல்லை. ரோஸ்டர் மாதம் பிறக்குமுன் கையில் வரவேண்டும். இரண்டு ஓய்வு நாட்களுக்கு நடுவில் 12 நாளுக்கு மேல் இடைவெளி கூடாது.

ஷிப்ட் ஆட்களுக்கு ஒரு பொறி உண்டு. தொடர்ச்சியாக 30 மணி நேரம் விட்டால் அதையே ஓய்வு நாளாகக் கணக்கிடலாம். ஞாயிறு மாலை 6 மணிக்குமுன் தொடங்கினால் திங்களுக்குள் நீண்டாலும் அந்த வாரக் கணக்குத்தான். காகிதத்தில் ஞாயிறு ஓய்வு என்று இருக்கும், காலை ஆராதனை நேரம் வேலையில் போயிருக்கும். ஆகவே "ஞாயிறு ஓய்வு வேண்டும்" என்று கேட்காமல் "ஞாயிறு காலை 8 முதல் 1 வரை வேண்டும், பதிலுக்குப் பொது விடுமுறையில் வருகிறேன்" என்று கேளுங்கள். ஷிப்ட் மாற்றிக்கொள்ளத் தயாரான சகஊழியரின் பெயரோடு போனால் சூப்பர்வைசர் மறுப்பது குறைவு. முதலாளி கேட்டு ஓய்வு நாளில் வந்தால் அரை நாள் வரை ஒரு நாள் சம்பளம், அதற்குமேல் இரண்டு நாள் சம்பளம். நீங்களாகக் கேட்டு வந்தால் அதில் பாதி. இரட்டைச் சம்பளத்துக்காக ஓய்வை விற்கும் பழக்கம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஈசூன்_ஜெபக்குழு:

நன்றி. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர் புதனை எந்த மணியிலிருந்து எண்ணுவது? எங்களில் சிலர் வீட்டில் பணிப்பெண் இருக்கிறார்; அவர் கிறிஸ்தவர் இல்லை. அவருக்கும் இது பொருந்துமா?

மூப்பர்_பிடோக்:

காலை 8 மணிக்கு வந்து மாலை வரை தூங்குவது அசதிக்கான தூக்கம், அதை ஓய்வுநாளில் எண்ணாதீர்கள். எழுந்த மாலையிலிருந்து மறுநாள் மாலை வரை எண்ணுங்கள், வேதத்திலும் மாலைதொடங்கி மாலைமட்டும்தான் (லேவி. 23:32). வேலைக்குழுவின் வாட்ஸ்அப்பை அந்த 24 மணி நேரமும் மௌனமாக்கிவிட்டு, அவசரத்துக்கு மட்டும் கூப்பிடச் சொல்லுங்கள். ஓய்வு கிடைத்த இரண்டு ஞாயிறும் ஆராதனைக்குப் போங்கள். மற்ற வாரங்களில் உங்கள் குழுவே புதனோ வியாழனோ கூடட்டும், நேரலையை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்துவிடவேண்டாம் (எபி. 10:25).

பணிப்பெண்ணுக்குக் கண்டிப்பாகப் பொருந்தும். கட்டளை உன் வாசல்களில் இருக்கிற அந்நியனையும் சேர்த்தே பேசுகிறது, மதத்தைக் கேட்கவில்லை. வீட்டார் எல்லாரும் ஆராதனைக்குப் போய்விட்டு, வந்ததும் சாப்பிட அவரைப் பிரியாணி செய்து வைக்கச் சொன்னால் உபாகமம் 5:14 அந்த அடுப்படியிலேயே மீறப்படுகிறது. 2023 ஜனவரி 1 முதல் மாதம் ஒரு ஓய்வு நாளைப் பணம் கொடுத்தும் ஈடுகட்ட முடியாது என்பது நாட்டுச் சட்டம். அது குறைந்தபட்சம். வாரத்துக்கு ஒன்று கொடுங்கள். எந்த நாள் என்பதை அவரிடமே கேட்டு எழுதிவைத்து, அன்று மதியச் சாப்பாட்டைக் கோப்பிக்கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

லூர்து_பாடகர்:

கோப்பிக்கடைக்காரருக்கு யார் ஓய்வு கொடுப்பது, மூப்பரே?

மூப்பர்_பிடோக்:

அகப்பட்டுக்கொண்டேன். அப்படியானால் சூரியாஸ்தமனம் சொன்ன வற்றல்குழம்புதான்.