மறு: ஸ்டியரிங் ‘பிளே’க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஸ்டியரிங்கைத் திருப்பியும் சக்கரம் திரும்பாத அந்தக் கொஞ்ச அசைவை ‘பிளே’ என்கிறார்களே, அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டு வந்த மடல்களை நான்கு நாட்களாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ‘தளர்வு’, ‘ஆட்டம்’, ‘வீண்சுற்று’, ‘பிளே என்றே இருக்கட்டும்’ என்று நான்கு கருத்துகள் வந்திருக்கின்றன. ஐந்தாவதாக நான் ஒன்று வைக்கிறேன்: வெற்றசைவு. வெற்றிடம் போல, வெற்று + அசைவு. இதற்கு நான் எப்படி வந்தேன் என்று சொல்ல ஒரு காரின் கதையைச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஜெர்மனியில் என் நண்பர் ஒருவரிடம் பழைய பிஎம்டபிள்யூ எம்5 இருக்கிறது. இ39 வரிசை, 1998 முதல் 2003 வரை வந்தது. 4.9 லிட்டர் வி8 எஞ்சின், 400 குதிரைத்திறன், மணிக்கு 250 கி.மீ.யில் மின்னணுக் கட்டுப்பாடு. அதே வரிசையில் ஆறு சிலிண்டர் கார்களுக்கு ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங், அதாவது ஒரு பற்சக்கரம் பல் வைத்த தண்டை நேராக இடவலம் நகர்த்தும் முறை. வி8 கார்களில் அதற்கு இடம் போதாமல் பழைய முறையிலான ஸ்டியரிங் பாக்ஸ் வைத்தார்கள். அதனால் இந்தக் காரில் கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே மூட்டுகள் அதிகம். பற்கள் உள்ள பாக்ஸ், அதிலிருந்து தொங்கும் டிராப் ஆர்ம், அது தள்ளும் குறுக்குத் தண்டான சென்டர் லிங்க், அந்தத் தண்டை மறுபக்கம் தாங்கும் ஐட்லர் ஆர்ம், அப்புறம் சக்கரங்களைத் திருப்பும் இரண்டு டை ராடுகள். ஒவ்வொன்றும் தேயும். 20 வருடம் ஓடிய வண்டியில் தேய்மானம் இருப்பது யார் குற்றமும் இல்லை.

ஆட்டோபான் என்ற அதிவேகச் சாலையில் 160 கி.மீ. தாண்டியதும் வண்டி நேர்கோட்டில் நிற்கவில்லை என்றார் நண்பர். ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலம் திருப்பினாலும் வண்டி கேட்கவில்லை, அதன் பிறகு சட்டென்று கேட்கிறது. அந்த வேகத்தில் வண்டி நொடிக்கு 44 மீட்டர் போகிறது. நண்பர் பயந்துபோய், தெரிந்த தமிழ் மெக்கானிக் ஒருவருக்குப் போன் செய்தார். சொன்னது இரண்டே சொல்: “ஸ்டியரிங் ஆடுது.”

இந்த வரிசைக் கார்களை அறிந்த எந்த மெக்கானிக்குக்கும் ‘ஸ்டியரிங் ஆடுது’ என்றால் முதலில் தோன்றுவது வேறொன்று. முன் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் உலோகக் கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர் உறை (புஷ்) தேய்ந்தால், 80, 100 கி.மீ. வேகத்தில் பிரேக் போடும்போது ஸ்டியரிங் கையில் கிடுகிடுவென்று நடுங்கும். இது இந்தக் காரில் ஊரறிந்த நோய். அவரும் அந்தக் கைகளை மாற்றினார், வீல் பேலன்ஸ் செய்தார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நண்பரின் வண்டியில் நடுக்கமே இருந்ததில்லை. காசு போனது, கோளாறு அப்படியே நின்றது.

‘ஆட்டம்’ என்று சொன்ன ஐயா எழுதியது இது:

> ஆங்கிலத்தில் பிளே, ஜெர்மனில் ஷ்பீல், பிரெஞ்சில் ழ (jeu), ஜப்பானியத்தில் அசோபி. எல்லாமே விளையாட்டு என்ற பொருள்தான். தமிழில் ஆட்டம் என்ற சொல்லுக்கு விளையாட்டு, அசைவு என்று இரண்டு பொருளும் இருக்கும்போது வேறு சொல் எதற்கு?

ஐயா, இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. அத்தனை மொழிகள் போன வழியிலேயே நம் சொல்லும் நிற்கிறது என்பது பெரிய விஷயம். ஆனால் அந்த மொழிகளுக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு இருக்கிறது. ஷ்பீல் என்றால் ஜெர்மன் மெக்கானிக் நடுக்கத்தை நினைக்க மாட்டார். நம் ‘ஆட்டம்’ இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொள்கிறது. பல் ஆடுகிறது, தொட்டில் ஆடுகிறது, சாமி வந்து ஆடுகிறது. தானாக ஆடுவதும் ஆட்டினால் ஆடுவதும் நமக்கு ஒன்று. கோளாறு தேடும்போது அந்த இரண்டும் வேறு வேறு பாகத்துக்குக் கொண்டுபோய் விடுகின்றன. என் நண்பர் அதற்குத்தான் பணம் கட்டினார்.

சரி, பிறகு என்ன நடந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் மற்ற சொற்களும் அந்தக் காரின் அடியில்தான் சோதனைக்கு வந்தன.

வண்டியைக் குழிமேல் நிறுத்தினோம். சக்கரங்கள் தரையில், நேராக. முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கை விரலால் மெல்ல அசைத்தேன். நிறைய அசைந்தது. ஆனால் இது ஏமாற்று. பவர் ஸ்டியரிங்கின் வால்வுக்குள் ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி இருக்கிறது. எஞ்சின் ஓடாதபோது சக்கரம் திரும்புவதற்கு முன் அந்தக் கம்பி முறுக்கிக்கொள்ளும். எஞ்சினை ஓடவிட்டு மறுபடி பார்த்தபோது அசைவில் ஒரு பகுதி காணாமல் போனது. மிச்சம் இருந்ததுதான் உண்மையான கோளாறு.

இங்கே நின்று கொஞ்சம் யோசியுங்கள். முறுக்குக் கம்பியால் வரும் அசைவில், கையை விட்டால் ஸ்டியரிங் தானாகப் பழைய இடத்துக்கு வரப் பார்க்கும். கொடுத்த விசையைக் கம்பி சேர்த்து வைத்திருக்கிறது. ரப்பர் புஷ்ஷும் அப்படித்தான். தேய்ந்த மூட்டில் வரும் அசைவில் கையை விட்ட இடத்திலேயே ஸ்டியரிங் நிற்கும், ஏனென்றால் அங்கே எதுவும் எதையும் தள்ளவில்லை. முதலாவது நெகிழ்வு. இரண்டாவதுக்குத்தான் நாம் சொல் தேடுகிறோம். ‘தளர்வு’ என்று வைத்தால் இந்த இரண்டும் மறுபடி கலந்துவிடும். மேலும் தளர்வு ஒரு நிலை. “தளர்வு எத்தனை பாகை?” என்று கேட்டால் காதில் ஒட்டவில்லை. அளக்கக்கூடிய ஒன்றுக்கு அசைவு, நகர்வு மாதிரி ஒரு தொழிற்பெயர் தேவை.

அப்புறம் நான் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் அசைக்க, நண்பர் குழிக்குள் ஒவ்வொரு மூட்டின்மேலும் கை வைத்துப் பார்த்தார். இதற்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. மூட்டின் இரண்டு பக்கமும் ஒன்றாக அசைந்தால் மூட்டு நல்லது. ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதித்தால் அங்கேதான் தேய்மானம். ஸ்டியரிங் தண்டின் இணைப்பு நன்றாக இருந்தது. டை ராடு எண்ட் நான்கும் நன்றாக இருந்தன. ஐட்லர் ஆர்மில் கை வைத்ததும் “இங்கே இருக்கு” என்று கத்தினார். சென்டர் லிங்கின் அந்த முனை பக்கவாட்டில் போவதற்கு முன் மேலும் கீழும் எழும்பியது. புஷ் தேய்ந்துபோயிருந்தது.

சக்கரத்தை ஜாக்கியில் தூக்கியும் பார்த்தோம். 3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து ஆட்டினால் ஸ்டியரிங் மூட்டுகள் தெரியும். 12, 6 இடங்களில் ஆட்டினால் வீல் பேரிங்கோ பால் ஜாயின்டோ. அப்போது வேறொருவர் பிரேக்கை மிதித்ததும் அசைவு நின்றுவிட்டால் பேரிங்தான். இவர் காரில் அங்கே ஒன்றும் இல்லை.

புஷ் மாற்றியதும் இரண்டு விரல் அகலம் ஒரு விரலாகக் குறைந்தது. மிச்சம் பாக்ஸுக்குள். பாக்ஸின் தலையில் ஒரு திருகும் அதைப் பூட்டும் நட்டும் உண்டு. அதை இறுக்கினால் உள்ளே பற்கள் நெருங்கும். பலர் முதலிலேயே இதில் கை வைப்பார்கள், அது தவறு. வேறு மூட்டின் கோளாறை மறைக்க பாக்ஸை இறுக்கினால் திருப்பத்துக்குப் பிறகு ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராது. திருகுவதென்றால் சக்கரம் நேராக இருக்கும்போதுதான் திருக வேண்டும். பற்கள் நடு இடத்தில்தான் மிக நெருக்கமாக அமைக்கப்பட்டிருக்கின்றன, இரு ஓரங்களிலும் வேண்டுமென்றே கொஞ்சம் விட்டிருப்பார்கள். ஓரத்தில் வைத்து இறுக்கினால் நடுவில் பிடித்துக்கொள்ளும். நாங்கள் திருகியது கால் சுற்றுக்கும் குறைவு.

வேண்டுமென்றே விட்டிருப்பார்கள் என்றேன் அல்லவா, அதனால்தான் ‘வீண்சுற்று’ எனக்குச் சரிப்படவில்லை. சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளட்ச் மிதியில் கொஞ்சம் பிளே இல்லாவிட்டால் கிளட்ச் எரிந்துபோகும். பற்சக்கரங்களுக்கு நடுவே கொஞ்சம் இல்லாவிட்டால் எண்ணெய் போக இடமில்லை. தேவையான ஒன்றை வீண் என்று திட்டக்கூடாது. கலைச்சொல் நல்லது கெட்டது சொல்லாமல் இருக்க வேண்டும், அளவுதான் அதைச் சொல்ல வேண்டும். மேலும் கிளட்ச் மிதியில் சுற்றுவது எதுவும் இல்லை, ‘சுற்று’ அங்கே பொருந்தாது.

‘வெற்று’ அப்படித் திட்டுவதில்லை. இந்த அசைவின் பலன் அடுத்த பாகத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று மட்டும் சொல்கிறது. இலக்கணத்தில் தனக்கென்று பொருள் தராமல் வந்து நிற்கும் சொல்லை அசைநிலை என்கிறோம். அந்த நினைவும் எனக்கு வந்தது, மகிழ்ச்சியாக இருந்தது.

அகராதிப் பணியில் இருக்கும் அக்கா, “இடைவெளி என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே” என்று கேட்டிருந்தார். அக்கா, அதை நாம் விடக்கூடாது, ஆனால் அது காரணத்தின் பெயர். மூட்டில் தேய்ந்து உண்டாவது இடைவெளி, மில்லிமீட்டரில் சொல்லலாம். அதனால் ஸ்டியரிங்கில் உணர்வது வெற்றசைவு, பாகையில் சொல்லலாம். ஐந்து மூட்டில் ஐந்து சிறிய இடைவெளிகள் சேர்ந்து ஒரு பெரிய வெற்றசைவாகும்.

‘பிளே என்றே இருக்கட்டும்’ என்ற தம்பிக்கு: பட்டறையில் அப்படியே இருக்கட்டும். ‘பிளே எடுக்கணும்’ என்று சொல்லும் கையை நான் மதிக்கிறேன். ஆனால் எழுத்தில் வேண்டிய இடங்கள் உண்டு. இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 98ஆவது விதி, ஸ்டியரிங் வளையத்தில் இது 30 பாகைக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. 38 செ.மீ. விட்டமுள்ள வளையத்தில் 30 பாகை என்பது ஏறக்குறைய 10 செ.மீ. அதாவது ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கை திரும்பியும் சக்கரம் திரும்பாத வண்டிகூட அந்த விதிப்படி தேறிவிடும். எம்5 போன்ற காரில் அதில் கால்வாசி இருந்தாலே ஓட்டுபவர் வண்டியை ஓரங்கட்டுவார். இந்த விதியை ஒரு லாரி ஓட்டுநர் தமிழில் படிக்கும்போது ‘ஆட்டம்’ என்று இருந்தால் எதை அளப்பார்?

வாயில் நுழையுமா என்ற கேள்வி வரும். நுழையும் என்று நம்புகிறேன். ‘வெத்துப் பேச்சு’, ‘வெத்து வேட்டு’ எல்லாம் எல்லா ஊரிலும் புழங்குகிறது. பட்டறையில் அது ‘வெத்தசைவு’ ஆகும், ஆகட்டும்.

ஆக, என் முன்மொழிவு: பிளே என்பதற்கு வெற்றசைவு, பிரேக் போடும்போது வரும் அந்தக் கிடுகிடுப்புக்கு நடுக்கம், ரப்பரும் கம்பியும் வளைந்துகொடுப்பதற்கு நெகிழ்வு. பற்சக்கரங்களில் மட்டும் வருவதைத் தனியாகக் குறிக்க ‘பல் வெற்றசைவு’ என்று யோசித்தேன், அதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. பல்லிடை என்று தொடங்கலாமா என்று அக்கா சொல்ல வேண்டும்.

ஐடிஐயில் பாடம் எடுக்கும் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வகுப்பில் எந்த விளக்கமும் தராமல் இந்த ஒரு வரியை மட்டும் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள்: “எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கின் வெற்றசைவை அளக்கவும்.” மாணவர்களில் எத்தனை பேர் நேராக வளையத்தில் கை வைத்து இடமும் வலமும் அசைத்துப் பார்க்கிறார்கள், எத்தனை பேர் என்னவென்று கேட்கிறார்கள் என்று எழுதுங்கள். பெரும்பாலோர் கேட்டார்கள் என்றால் நான் இந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்