மாக்பெத்: முன்பே சொல்லப்பட்ட கொலைக்குக் குற்ற உணர்ச்சி எதற்கு?

தகடூரான்:
அனைவருக்கும் வணக்கம். தருமபுரியில் கல்லூரி மாணவர்கள் சிலருடன் ஞாயிறுதோறும் மாக்பெத் நாடகத்தைத் தமிழில் பொருள் சொல்லிப் படித்து வருகிறேன். ஸ்காட்லாந்து மன்னன் டங்கனைத் தளபதி மாக்பெத் கொன்றுவிடும் காட்சியைக் கடந்ததும், பென்னாகரம் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி ஒரு கேள்வி எழுப்பினாள். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தைப் பார்த்து வளர்ந்த பெண் அவள். "நீ அரசனாவாய் என்று சூனியக்காரிகள் சொல்லிவிட்டார்கள், அப்படியே நடந்தது. விதி செய்ததற்கு அவன் ஏன் உறக்கமின்றித் தவிக்க வேண்டும்?" என்றாள். நாடகம் இதற்கு உள்ளேயே விடை வைத்திருக்கிறதா, அல்லது ஷேக்ஸ்பியர் வேண்டுமென்றே விடையின்றி விட்டுவிட்டாரா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

அரூர் வாசகி:
வணக்கம் ஐயா. அந்தச் சூனியக்காரிகள் மூவரும் உண்மையில் என்ன சொன்னார்கள் என்பதை மாணவர்களோடு மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். கிளாமிஸ் பிரபு, காடர் பிரபு, இனி அரசனாகப் போகிறவன் என்று மாக்பெத்தை மூன்று விதமாக வாழ்த்துகிறார்கள். கிளாமிஸ் பட்டம் ஏற்கெனவே மாக்பெத்திடம் இருக்கிறது. காடர் பட்டத்தை அவனுக்கு வழங்கும்படி டங்கன் முந்தைய காட்சியிலேயே ஆணையிட்டுவிட்டான். அது நமக்குத் தெரியும், மாக்பெத்துக்குத்தான் தெரியாது. ஆகவே மூன்று வாழ்த்துகளில் வருங்காலத்தைப் பற்றியது ஒன்றே ஒன்று: "இனி அரசனாகப் போகிறவன்". அதிலும் கொலை என்ற சொல்லோ, டங்கனின் பெயரோ, எவ்வழியில் என்ற குறிப்போ இல்லை. காடர் பட்டம் பலித்த செய்தி வந்தவுடன் மயிர்க்கூச்செறியும் ஓர் எண்ணம் தன் மனத்தில் எழுவதாகச் சொல்பவன் மாக்பெத். கத்தியை அந்த வாக்குக்குள் செருகியவனும் அவன்தான். அவனுடன் நின்று அதே சொற்களைக் கேட்ட சக தளபதி பாங்க்வோவுக்கோ, சிறிய உண்மைகளைக் காட்டி நம்பவைத்துப் பெரிய இடத்தில் கவிழ்த்துவிடுவது தீய சக்திகளின் வழக்கம் என்ற ஐயமே முதலில் எழுகிறது. சிறிது நேரத்தில் மாக்பெத்தே, நல்லூழ் என்னை அரசனாக்க விரும்பினால் நான் அசையாமலே முடிசூட்டட்டும் என்றும் நினைக்கிறான். அசையாமல் இருக்கும் வழி ஒன்று உண்டு என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

காவேரிப்பட்டணத்தான்:
அம்மையார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த மாணவிக்குக் கம்சன் கதை தெரிந்திருக்கும். தன்னைக் கொல்லப் பிள்ளை பிறக்கும் என்ற அசரீரியைக் கேட்டுப் பச்சிளங்குழந்தைகளைக் கொன்றவன் அவன். வாக்கைத் தடுப்பது ஒன்றே அவன் நோக்கம். மாக்பெத்தின் நிலை இதைவிட விசித்திரமானது. தான் அரசனாவான் என்ற வாக்கு பலிக்க வேண்டும் என்று டங்கனைக் கொல்கிறான். பாங்க்வோவின் வழியினர் அரசாள்வார்கள் என்று அதே வாய்கள் சொன்னது பலிக்கக் கூடாது என்று பாங்க்வோவையும் அவன் மகன் ஃபிளியன்ஸையும் கொல்ல ஆளனுப்புகிறான். விதியை மாற்ற முடியாது என்று உண்மையாகவே நம்புகிறவன் இந்த இரண்டாவது வேலையில் இறங்குவானா? 'எல்லாம் விதி' என்ற சமாதானம் அவனுக்கே கைகொடுக்கவில்லை.

எதிர்ப்பக்கம் இளங்கோவடிகளைப் பார்க்கலாம். இளையவனுக்கே அரசாளும் இலக்கணம் உண்டு என்று நிமித்திகன் சொன்னதும், அண்ணன் செங்குட்டுவன் வருந்துவதைக் கண்டு துறவு பூண்டார் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. வாக்கு கேட்டவன் அதன்படி நடந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதற்கு நம் பக்கத்தில் இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஓசூர் நாடகப் பிரியன்:
இருவரும் மாக்பெத்தை மட்டுமே விசாரிக்கிறீர்கள். குற்ற உணர்ச்சியைப் பற்றிப் பேசும்போது அவன் மனைவியை விட்டுவிட்டால் பாதி நாடகம் போய்விடும். கொலை நடந்த இரவில், கடவுளின் பெயரால் வேண்டிய இருவருக்கு 'ஆமென்' சொல்ல நா எழவில்லையே என்று அவன் நடுங்குகிறான். சிறிது தண்ணீர் இந்தச் செயலைக் கழுவிவிடும் என்று அவள் சொல்கிறாள். பிறகு இருவரும் இடம் மாறுகிறார்கள். அவன் கொலைமேல் கொலையாகச் செய்து மரத்துப்போகிறான். அவளோ ஐந்தாம் அங்கத்தில் உறக்கத்தில் நடந்து, இல்லாத இரத்தக் கறையைக் கைகளிலிருந்து தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். அவளிடம் எந்தச் சூனியக்காரியும் பேசவில்லை. கணவனின் கடிதத்தில் படித்தது மட்டுமே. விதிதான் காரணம் என்றால் முதலில் விடுதலை பெற்றிருக்க வேண்டியவள் அவள் அல்லவா? உறங்கும் டங்கனின் முகம் என் தந்தையைப் போல் இல்லாதிருந்தால் நானே செய்திருப்பேன் என்று அவள் சொல்லும் வரியை மாணவர்களிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இந்தத் தவிப்பு அப்போதே தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம்.

தகடூரான்:
மூவருக்கும் நன்றி. கம்சன் ஒப்பீட்டை அப்படியே வகுப்பில் வைக்கப் போகிறேன். ஒரு துணைக்கேள்வி: நாடக முடிவில் டங்கனின் மகன் மால்கம்தானே அரசனாகிறான்? தப்பி ஓடிய ஃபிளியன்ஸைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்படியானால் பாங்க்வோவுக்குச் சொன்னது பொய்த்துப்போயிற்றா?

அரூர் வாசகி:
பொய்க்கவில்லை ஐயா; அது மேடைக்கு வெளியே பலித்தது. நாடகம் எழுதப்பட்டது ஏறத்தாழ 1606இல். 1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய முதலாம் ஜேம்ஸ், பாங்க்வோவின் மரபில் வந்தவராகக் கருதப்பட்டார். நான்காம் அங்கத்தில் எட்டு அரசர்கள் வரிசையாகத் தோன்றுவது அந்த மரபைக் காட்டத்தான். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த ஹாலின்ஷெட்டின் வரலாற்றில் பாங்க்வோவும் டங்கன் கொலைக்கு உடந்தை. நாடகத்தில் அந்தக் கறை நீக்கப்பட்டது. அரசரை மகிழ்விக்கவே அப்படிச் செய்தார் என்று பலர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த மாற்றத்தால் உங்கள் மாணவியின் கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது: ஒரே இடத்தில் ஒரே வாய்கள் சொன்ன இரு வாக்குகளில், பாங்க்வோவுக்குச் சொன்னது அவன் எவர்மேலும் கத்தி வைக்காமலே பலித்திருக்கிறது.