மறு: ஸ்னூஸ் பொத்தானுக்கு என்ன சொல்? இன்றிரவு கோப்பு போகவேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

நாள்காட்டிச் செயலியின் உதவிப் பக்கத்தில் "அலாரம் ஒலிக்கவில்லையா?" என்ற பகுதி மட்டும்தான் பாக்கி. இன்றிரவு கோப்பை அனுப்பியாக வேண்டும். ஒலிக்கிற அலாரத்தைச் சற்று நேரம் கழித்துத் திரும்ப ஒலிக்க வைக்கும் ஸ்னூஸ் பொத்தானுக்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டிருந்தேன். அதற்கு மூன்று நாளாக வந்த மடல்களையெல்லாம் உட்கார்ந்து படித்தேன், ஒவ்வொன்றையும் வரியில் வைத்துப் பார்த்தேன். தனியாக நிற்கும்போது நன்றாக இருக்கிற சொல் வரிக்குள் போனதும் என்ன ஆகிறது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

> உறக்கநிலை என்று ஏற்கெனவே பல செயலிகளில் இருக்கிறதே, அதையே போட்டுவிடுங்கள்.

போட்டேன் ஐயா. வந்த வரி இது: "சாதனம் உறக்கநிலைக்குப் போயிருந்தால், உறக்கநிலையில் வைத்த அலாரம் உறக்கநிலை நேரம் முடிந்த பிறகும் ஒலிக்காமல் இருக்கலாம்." முதல் உறக்கநிலை போனுடையது, மற்ற இரண்டும் அலாரத்துடையவை. ஆங்கிலத்தில் போன் தூங்குவதற்கு டோஸ், அலாரம் தூங்குவதற்கு ஸ்னூஸ். இரண்டுக்கும் பொருள் குட்டித் தூக்கம்தான், ஆனால் காதுக்கு வேறு வேறு சொல். நாம் இரண்டையும் பொருள் பார்த்து மொழிபெயர்த்ததால் ஒரே சொல்லில் வந்து முட்டிக்கொண்டோம்.

இது சின்ன விஷயம் இல்லை. இந்தப் பக்கத்தின் முக்கியமான புகாரே இந்த இரண்டும் மோதும் இடத்தில்தான் வருகிறது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 தொடங்கி, திரை அணைந்து, சார்ஜரில் இல்லாமல், அசையாமல் கிடக்கிற போன் டோஸ் நிலைக்குப் போய்விடும். சாதாரண முறையில் வைத்த அலாரங்கள் அப்போது தள்ளிப்போகும். அந்த நிலையிலும் ஒலிக்கும்படி வைக்க ஒரு வழி உண்டு, ஆனால் அதுவும் ஒரு செயலிக்கு 9 நிமிடத்துக்கு ஒரு முறைதான் கிடைக்கும். அதனால் யாரும் தொடாமல் விட்டால் 5 நிமிடம் கழித்துத் தானாகத் திரும்ப ஒலிக்க வேண்டிய அறிவிப்பு, 9 நிமிடம் வரை இழுத்துவிடுகிறது. போனைக் கையில் எடுத்துத் திரை ஒளிர்ந்தால் அந்த நிலை கலைந்துவிடும், அதனால் சோதித்துப் பார்க்கும்போது மட்டும் எல்லாம் சரியாக இருக்கும். இதைப் படிப்பவருக்கு எது போனின் தூக்கம், எது அலாரத்தின் இடைவேளை என்று பிரித்துக் காட்டாவிட்டால் அந்தப் பக்கத்தை எழுதியே பயனில்லை.

டோஸுக்குப் பெயரே வைக்க வேண்டாம் என்பது என் முடிவு. "போன் நெடுநேரம் அசையாமல் கிடந்தால்" என்று எழுதினால் யாருக்கும் புரியும். அதற்கு அனந்தல் (உறக்கம்) என்ற சொல்லைப் பரிந்துரைத்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆண்டாள் "ஊமையோ அன்றிச் செவிடோ அனந்தலோ" என்று கேட்கிற இடத்தில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற உயிர் எனக்கும் தெரியும். சொல்லப்போனால் திருப்பாவையில் ஸ்னூஸே இருக்கிறது: "சில்லென்று அழையேன்மின் நங்கைமீர் போதர்கின்றேன்", அதாவது கத்தாதீர்கள், இதோ வந்துவிட்டேன் என்று படுக்கையிலிருந்தே ஒருத்தி சொல்கிறாள். ஆனால் அமைப்புகள் பக்கத்தில் அனந்தல் என்று எழுதியிருந்தால் எத்தனை பேர் அதைத் தொடுவார்கள்?

> வள்ளுவர் சொல்லே இருக்கும்போது நாம் ஏன் தேட வேண்டும்? நெடுநீர்.

புலவர் ஐயா இதற்கு எழுதிய மூன்று பக்க மடலை நான் தனியே சேமித்து வைத்திருக்கிறேன். "நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும்" என்ற 605ஆம் குறளில் காலம் தாழ்த்துதல், மறதி, சோம்பல், தூக்கம் என்று நான்கையும் வரிசையாக வைத்திருக்கிறார். நாள்காட்டி அலாரம் என்ற கருவியே இந்த நான்குக்கும் எதிராகச் செய்ததுதான். இங்கே நீர் என்பது தண்ணீர் இல்லை, நீர்மை, இயல்பு என்று ஐயா விளக்கியதும், அங்கிருந்து முல்லைப்பாட்டின் குறுநீர்க் கன்னலுக்குப் போனதும், அந்த நீர் உண்மையிலேயே தண்ணீர், நாழிகை வட்டிலில் இருக்கிற தண்ணீர் என்று காட்டியதும் படிக்கப் படிக்க மகிழ்ச்சியாக இருந்தது. பொழுதை அளந்து சொல்பவர்களை அந்தப் பாட்டு "பொய்யா மாக்கள்" என்கிறது. நம் செயலிக்கும் அதைவிட வேறென்ன வேண்டும்! ஆனாலும் ஐயா, நெடுநீர் பழிச்சொல். மருந்து நேரத்துக்கு அலாரம் வைத்தவர், கையில் குழந்தை இருப்பதால் பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடு என்று பொத்தானைத் தொடுகிறார். அவரை நாம் அந்தக் குறள் சொல்கிற கெடுநீராராக, அதாவது கெட்டுப்போகிறவராக, ஆக்க முடியாது.

> அலாரம் தமிழ்தான். அலறு + அம் = அலறம். அப்படியே எழுதலாம்.

இல்லை. அது இத்தாலிய மொழியில் "ஆயுதம் எடுங்கள்" என்ற போர்க்குரலிலிருந்து வந்த சொல். அலறுவதும் இதுவும் ஒலியில் ஒத்துப்போவது தற்செயல். தமிழ் என்று நிறுவிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும் என்று என்ன கட்டாயம்? வடசொல்லையே எழுத்து மாற்றி ஏற்க வழி சொன்னவர் தொல்காப்பியர். அ, லா, ர, ம் என்று நாலும் நம் எழுத்து, மகர ஈறு, "அலாரத்தை" என்று அத்துச் சாரியை பெற்று மரத்தை, படத்தை மாதிரியே நடக்கிறது. ஸ்னூஸுக்குத்தான் அந்த வசதி கிடையாது, மெய்யில் தொடங்குகிறது. தவிர, போனின் அமைப்புகளிலேயே அலாரம் என்றுதான் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 12 முதல் குறித்த நொடியில் ஒலிக்கத் தனி அனுமதி வேண்டும், 14இல் புதிதாக நிறுவுகிற பெரும்பாலான செயலிகளுக்கு அந்த அனுமதி தானாகக் கிடைப்பதில்லை. போய் அதை இயக்குங்கள் என்று நாம் வழி சொல்கிறோம். வழிகாட்டியில் அலாரத்துக்குப் பதிலாக எழுப்பி என்றும் திரையில் அலாரம் என்றும் இருந்தால் அவர் எங்கே போய்த் தேடுவார்?

சரி, ஒத்திவை. பெரும்பான்மை இதற்குத்தான் என்று தெரிகிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை, காரணம் சொல்கிறேன். நேற்று மாலை என் பெரியம்மாவிடம் சோதனைப் பதிப்பைக் கொடுத்தேன். அவர் நடத்துகிற வாசிப்புக் கூட்டத்துக்கான நினைவூட்டல் வந்தது, கீழே இரண்டு பொத்தான்: "ஒத்திவை", "நிராகரி". விரலைத் திரைக்கு மேலே நிறுத்தியபடி என்னைப் பார்த்து, "கூட்டத்தை நான் ஏன்டா ஒத்திவைக்கணும்? எல்லாரும் கிளம்பியிருப்பாங்களே" என்றார். இரண்டாவதையும் தொடவில்லை, கூட்டத்தை நிராகரிப்பதாக ஆகிவிடுமாம். அவர் சொன்னது முழுக்கச் சரி. நாள்காட்டியில் கூட்டத்தையே ஒத்திவைக்கலாம், அழைப்பையே நிராகரிக்கலாம், அப்படிச் செய்தால் மற்றவர்களுக்குச் செய்தி போகும். வெறும் கடிகாரச் செயலியில் இந்தக் குழப்பம் கிடையாது, அங்கே ஒத்திவைக்க அலாரத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அப்புறம் அவர் எழுத்தளவைப் பெரிதாக வைத்திருப்பவர், அதனால் பொத்தானில் "ஒத்தி…" வரைதான் தெரிந்தது.

என் பரிந்துரை மறுமணி. தூங்குவது யார், தள்ளிப்போவது எது என்ற கேள்விக்கே போகாமல், நடப்பதை மட்டும் சொல்கிற சொல். நாள்காட்டிகள் தங்களுக்குள் தகவல் மாற்றிக்கொள்ளும் ஐகேலண்டர் வடிவத்தில், 2021இல் வந்த ஆர்எஃப்சி 9074 என்ற இணையத் தர ஆவணம் இதைத்தான் சொல்கிறது. ஸ்னூஸ் அழுத்தினால் பழைய அலாரம் எங்கும் போய்த் தூங்குவதில்லை. அது பார்க்கப்பட்டதாகக் குறிக்கப்படுகிறது, புதிதாக இன்னொரு அலாரம் உருவாகிப் பழையதோடு இணைக்கப்படுகிறது. ஆக, இரண்டாவது மணி. மறுமணி நேரம், மறுமணி வை, மறுமணி ஒலிக்கவில்லை என்று எல்லா வரியிலும் உட்கார்கிறது.

> மறுமணம் என்று படிப்பார்கள். அதிர்வில் மட்டும் வைத்திருந்தால் மணி ஏது? ஒத்திவை, ஒத்திவைப்பு, ஒத்திவைத்த என்று வினை, பெயர், எச்சம் மூன்றும் வருகிற சொல்லை விட்டுவிட்டு ஏன் அலைகிறீர்கள்?

மறுமணம் பற்றிய பேச்சை ஒப்புக்கொள்கிறேன், சின்ன எழுத்தில் கண் அப்படித்தான் வாசிக்கும். அதிர்வு பற்றியதை ஒப்பவில்லை, "பத்து மணிக்கு வா" என்கிறோம், அங்கே யாரும் மணி அடிப்பதில்லை.

நாள்காட்டியா நாட்காட்டியா என்று கிளம்பிய கிளைக்கு நான் வரவில்லை. புணர்ச்சிப்படி நாட்காட்டி, செயலியின் பெயரில் ஏற்கெனவே நாள்காட்டி என்று இருக்கிறது, இன்று அதை மாற்ற முடியாது.

இரவு 9 மணி நிலவரம்: ஒத்திவைக்கு ஏழு பேர், "பிறகு நினைவூட்டு" என்பதற்கு இரண்டு பேர், மறுமணிக்கு நானும் இன்னொருவரும், நெடுநீருக்குப் புலவர் ஐயா. எனவே கோப்பில் "அலாரத்தை ஒத்திவை", "அலாரத்தை நிறுத்து" என்று இரண்டாம் வேற்றுமையோடு போடுகிறேன், எதை என்று எழுதிவிட்டால் கூட்டத்தைப் பற்றிய பயம் போய்விடும். நீளம் கூடுவதால் பொத்தான்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல் ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கும்படி நிரலரிடம் கேட்டிருக்கிறேன், சரி என்றார். நிறுத்து என்பதைப் பயன்படுத்துவதால் இன்னொரு வரியும் சேர்க்கிறேன்: அமைப்புகளுக்குள் போய்ச் செயலியையே கட்டாயமாக நிறுத்தினால், திரும்பத் திறக்கும்வரை எந்த அலாரமும் ஒலிக்காது.

ஆனால் குழுவின் சொற்பட்டியலில் ஸ்னூஸுக்கு நேரே ஒத்திவை என்று மட்டும் பதிந்து பூட்டிவிடாதீர்கள். மறுமணியையும் பக்கத்தில் எழுதி வையுங்கள், அடுத்த பதிப்பில் பத்துப் பேரிடம் இரண்டையும் கொடுத்துப் பார்ப்போம். பெரியம்மாவிடம் புதிய பொத்தான்களை நாளைக் காலை காட்டப்போகிறேன், என்ன சொன்னார் என்று எழுதுகிறேன்.

அன்புடன்.