பழைய லேண்ட்ரோவரும் நாமும்: கொழும்பு நண்பர்களே, உங்கள் கதையைச் சொல்லுங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

கொழும்பில் பழைய லேண்ட்ரோவர் வைத்திருக்க ஒரு நியாயமும் கிடையாது. காலி வீதியில் ஏற மலை இல்லை, கடக்க ஆறு இல்லை. ஏசி இல்லாமல் வெந்து, கிளச்சை மிதித்து மிதித்துக் கால் மரத்துப்போகும். பெற்றோல் குடிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அப்படியிருந்தும் ஞாயிறு காலை காலிமுகத்திடல் பக்கம் ஒன்று உறுமிக்கொண்டு போனால், புத்தம்புதிய பிராடோவில் இருப்பவரும் திரும்பிப் பார்க்கிறார். ஏன் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், மற்றவர்களும் சொல்லுங்கள்.

எங்கள் சொந்த ஊர் மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம், தேயிலைத் தோட்டம். அங்கே லேண்ட்ரோவர் என்றால் துரையின் வண்டி, அவ்வளவுதான். வளைவுக்கு அந்தப்பக்கம் சத்தம் கேட்கும்போதே ரோட்டில் நடப்பவர்கள் ஓரத்துக் கானுக்குள் (வடிகாலுக்குள்) இறங்கி நிற்பார்கள், தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு. வண்டி போய்விட்டால் நிம்மதி. நின்றால் அன்றைக்கு யாருக்கோ அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறினார்கள். வண்டிகள் மட்டும் இங்கேயே நின்றுவிட்டன.

என் மாமா சின்ன வயதில் புறக்கோட்டை இரும்புக் கடையொன்றுக்கு வேலைக்கு வந்து, பிற்காலத்தில் சொந்தக் கடை போட்டவர். கையில் காசு புரண்டதும், எல்லாரும் ஜப்பான் வேன் வாங்கச் சொல்ல, பிடிவாதமாக ஒரு சீரிஸ் டூ ஏ லேண்ட்ரோவரை வாங்கினார். மாமி இன்றைக்கும் திட்டுவார். ஏன் மாமா என்று கேட்டால், “நல்ல இரும்புடா” என்பார். நான் நம்பியதில்லை. ஏனென்றால் வாங்கிய கையோடு அவர் அதை ஓட்டிக்கொண்டு போனது தோட்டத்துக்குத்தான். ரோட்டில் வந்துகொண்டிருந்த வயதான ஆட்கள் இரண்டு பேர், பழைய பழக்கத்தில் கானுக்குள் இறங்கிவிட்டார்கள். மாமா வண்டியை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, “ஏறுங்க சித்தப்பா” என்றார். கோயில் வரைக்கும் அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லையாம். இறங்கிய பிறகு ஒருவர் மட்டும், “சீட்டு இவ்வளவு கல்லா இருக்கும்னு நெனைக்கலடா” என்றாராம்.

மருதானையிலிருந்து:

தம்பி, உங்கள் மாமா இரும்புக்கடைக்காரர் என்பதால் சொல்லலாம், அது பாதிதான் இரும்பு. உடம்பில் பெரும்பகுதி அலுமினியக் கலவை. நான் பஞ்சிகாவத்தைப் பக்கம் கராஜ் வைத்திருக்கிறேன், கழற்றிப் பார்த்துச் சொல்கிறேன்.

காரணம் போர். 1945க்குப் பிறகு பிரிட்டனில் உருக்கு ரேஷன். ரோவர் கம்பனிக்கு அலுமினியம் வாங்கத் தடையில்லை, கார் விற்கத்தான் வழியில்லை. அதன் தலைமைப் பொறியாளர் மொரிஸ் வில்க்ஸ், வேல்ஸில் ஆங்கிள்சி தீவில் இருந்த தன் பண்ணையில், அமெரிக்க இராணுவம் விட்டுப்போன வில்லிஸ் ஜீப் ஒன்றை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். இது உடைந்தால் அடுத்தது எங்கே வாங்குவது என்ற கேள்வியில் பிறந்ததுதான் லேண்ட்ரோவர். 1948 ஏப்ரல் 30 அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதலில் காட்டினார்கள். ஆரம்பத்தில் பச்சை மட்டும்தான். போரில் மிஞ்சிய பெயின்ட்! விவசாயிக்கென்று செய்ததால், எஞ்சினிலிருந்து சக்தி எடுத்து மரம் அறுக்கும் இயந்திரத்தை ஓட்டவும் வசதி வைத்தார்கள். கம்பனி நினைத்தது இரண்டு மூன்று வருடம் சமாளிக்கும் ஏற்பாடு என்று. அந்தப் பரம்பரை 2016 ஜனவரி 29 வரை ஓடி, மொத்தம் 20 லட்சத்தைத் தாண்டியது. அதற்கு டிஃபெண்டர் என்ற பெயரே 1990இல்தான் வந்தது.

இதன் அழகே பலகைகள் எல்லாம் தட்டையாக, நட்டுப் போட்டு முடுக்கியிருப்பதுதான். முன் மட்காட் நசுங்கினால் கழற்றி வேறொன்று போடலாம், பெரிய பாஸ் (மெக்கானிக்) தேவையில்லை. இந்த நாட்டில் 2020இலிருந்து வருடக்கணக்காக வாகன இறக்குமதி நின்றபோது, கழற்றிப் பூட்ட முடிந்த வண்டிதான் பிழைத்தது.

ஆனால் அடியில் இருக்கும் சேஸி உருக்கு. கடற்காற்று அதை விடாது. வெள்ளவத்தை, தெஹிவளைக்காரர்கள் வாங்கும்போது பெயின்ட் மினுமினுப்பைப் பார்க்காதீர்கள். ஒரு சின்னச் சுத்தியலோடு கீழே படுங்கள். சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகளை மெதுவாகத் தட்டுங்கள். ‘டிங்’ என்றால் வாங்கலாம். ‘டொக்’ என்றால், விற்கிறவர் தருகிற தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். அலுமினியமும் உருக்கும் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் உப்பு ஈரம் ஏறினால் அலுமினியமும் வெள்ளைப் பொடியாக உதிரும், அதையும் பாருங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து:

நான் யாழ்ப்பாணம். எங்களுக்கு அந்தச் சத்தம் வேறு மாதிரி. இராணுவத்தின் பச்சை லேண்ட்ரோவர் வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி, அடையாள அட்டை சட்டைப் பையில் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்போம். அதனால் உங்கள் ஆசை எனக்கு முழுதாக வராது. நல்ல வண்டிதான், குற்றம் சொல்லவில்லை.

இன்னொன்று. இப்போது விளம்பரங்களில் ‘பழைய ஸ்ரீ நம்பர்’ என்று பெருமையாகப் போடுகிறார்கள். 1957இல் சிங்கள ஸ்ரீ எழுத்து இலக்கத் தகட்டில் வந்தபோது, வடக்கில் எதிர்ப்பாக அதற்குத் தார் பூசியவர்களை என் தகப்பனார் நேரில் பார்த்தவர். இன்றைக்கு அந்தத் தகடு இருந்தால் விலை கூடுகிறது. சிரிப்பதா என்ன செய்வது என்று தெரியவில்லை.

கொலன்னாவையிலிருந்து:

கொழும்பில் கடக்க ஆறு இல்லை என்று முதலில் எழுதியவர் 2016 மே மாதம் எங்கள் பக்கம் வந்திருக்க வேண்டும். களனி கங்கை வீட்டுக்குள் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஒரு சீரிஸ் த்ரீ லேண்ட்ரோவர், பெற்றோல் வண்டி. வெல்லம்பிட்டிப் பக்கம் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோக அதைத்தான் எடுத்தோம்.

புறப்படுமுன் அண்ணன் கீழே புகுந்து, பிளைவீல் மூடியின் அடியில் இருக்கும் துளைக்கு ஒரு சின்னப் பித்தளைத் தக்கையை முறுக்கினார். தண்ணீர் கிளச்சுக்குள் போகாமலிருக்க. வெள்ளம் முடிந்ததும் மறக்காமல் கழற்றவும் வேண்டும், இல்லாவிட்டால் கசியும் எண்ணெய் வெளியே போக வழியில்லாமல் கிளச்சில் ஏறிவிடும். பிறகு ஃபேன் பெல்டைக் கழற்றிச் சீட்டுக்குக் கீழே போட்டார். ஃபேன் சுற்றினால் தண்ணீரை அள்ளி, பிளக்குகளுக்கு மின்சாரம் பிரிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் அடிக்கும், வண்டி அந்த இடத்திலேயே படுத்துவிடும். அப்புறம் சிவப்புக் குமிழ் லீவரைப் பின்னால் இழுத்தார். நான்கு சக்கரமும் பிடித்துவிட்டது என்று அர்த்தமாம். அலை கிளம்பாமல் நடக்கிற வேகத்தில் போனோம். சந்தியில் பெரிய பெரிய ஜீப்புகள் பொனட்டைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றன. யாருடையவை என்று சொல்லமாட்டேன்!

கொட்டாஞ்சேனையிலிருந்து:

இவ்வளவு பேர் எழுதி ஒருவர்கூட மிட்சுபிஷி ஜீப்பைச் சொல்லவில்லையே? வில்க்ஸ் பண்ணையில் நின்ற அதே வில்லிஸ் வண்டியின் நேர் வாரிசு அது. உரிமம் வாங்கி 1953இலிருந்து 1998 வரை ஜப்பானில் செய்தார்கள். டீசல், உதிரிப்பாகம் மலிவு, எந்த பாஸுக்கும் கை பழக்கம். லேண்ட்ரோவர்காரர்கள் பாதிப்பேர் சொந்த எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் மாட்டித்தான் ஓட்டுகிறீர்கள். மருதானை அண்ணன் மறுக்கட்டும் பார்க்கலாம்.

மருதானையிலிருந்து:

மறுக்கவில்லை. போன வாரமும் ஒன்று மாட்டிக் கொடுத்தேன். வண்டிக்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பழைய எஞ்சினை விற்றுவிடாதீர்கள், வீட்டில் வைக்க இடம் இருக்கிறது என்று.