1939க்கு முன் யெஷிவா (யூத சமயக் கல்விக்கூடம்) மாணவர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது?

கேள்வி
போலந்து, லித்துவேனியா யூதர்களைப் பற்றி எதைப் படிக்க எடுத்தாலும் நாஜிகளின் ரயில், முகாம், சாவு என்றுதான் போகிறது. அது தெரிய வேண்டியதுதான். ஆனால் 1930களில் யெஷிவாவில் படித்த பதினாறு வயதுப் பையன் என்ன படித்தான், எங்கே சாப்பிட்டான், எதற்குச் சண்டை போட்டான்? அவன் வாழ்ந்ததைத் தெரிந்துகொள்ள ஆசை.

பதில் 1
படிப்பு என்றால் தல்மூத்தான், யூதச் சமயச் சட்டமும் அதன் மீதான விவாதங்களும் அடங்கிய பெருநூல். காலைப் பிரார்த்தனை முடிந்து உட்கார்ந்தால் ராத்திரி வரை போகும். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ராகம் போட்டு வாசித்து, ஒருவன் சொல்வதை மற்றவன் மறுத்து, கூடமே இரைச்சலாக இருக்கும், அமைதியாகப் படிப்பவனைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். நூல் எபிரேயத்திலும் அரமேயத்திலும் இருக்கும், வாக்குவாதம் அவர்கள் அன்றாடம் பேசிய இத்திஷ் மொழியில் நடக்கும். எல்லோரும் ரபி (யூத மதகுரு) ஆகப் போவதில்லை. படிப்பதே கடமை என்றுதான் படித்தார்கள்.

பதில் 2
சாப்பாடு பெரிய கஷ்டம். ஏழைப் பையன்களுக்கு வாரச் சாப்பாடுதான், திங்கள் ஒரு வீடு, செவ்வாய் வேறு வீடு. ஒரு கிழமைக்கு வீடு அமையாவிட்டால் அன்று பட்டினி. படுக்கையும் பல ஊர்களில் படிக்கும் கூடத்துப் பெஞ்சுதான். படிக்கிற பிள்ளை இப்படிக் கையேந்தக் கூடாது என்று ரபி மெயிர் ஷபிரோ பல நாடுகளுக்குப் போய்ப் பணம் திரட்டி, 1930இல் போலந்தின் லூப்லினில் விடுதி, சாப்பாட்டுக்கூடம், நூலகத்தோடு ஒரு யெஷிவா திறந்தார். சேர வேண்டுமானால் தல்மூத்தில் 200 ஏடு மனப்பாடமாகத் தெரிய வேண்டும்! உலகம் முழுக்க யூதர்கள் தினம் ஒரே ஏட்டைப் படிக்கும் வழக்கத்தை 1923இல் முன்மொழிந்தவரும் அவர்தான். 1933இல், 46 வயதிலேயே போய்விட்டார்.

பதில் 3
எல்லா யெஷிவாவும் ஒரே மாதிரி இல்லை. நோவர்தோக் என்ற யெஷிவா மரபில் மருந்துக் கடைக்குப் போய் ஆணி கேட்கச் சொல்வார்கள், ஊர் சிரித்தாலும் கூச்சப்படாமல் நிற்கப் பழக வேண்டும் என்று. அப்புறம், சுவருக்கு வெளியே உலகம் தெரியாத பையன்கள் என்றும் நினைக்காதீர்கள். செய்தித்தாளும் நாவலும் ஒளித்து வைத்துப் படித்தவர்கள் உண்டு, சியோனிசம் (யூதர்களுக்குத் தனி நாடு கேட்ட இயக்கம்), சோஷலிசம் என்று படிப்பை விட்டுப் போனவர்களும் உண்டு. சண்டை கேட்டீர்களே, வீடுகளில் பாதிச் சண்டை இதற்குத்தான்.

கேள்வி கேட்டவர்
நன்றி. இந்தப் பையன்களின் அக்கா தங்கைகள்?

பதில் 2
அவர்களுக்கு யெஷிவா கிடையாது. சாரா ஷெனிரெர் என்ற தையல்காரப் பெண் 1917இல் கிராக்கோவில் சில சிறுமிகளை வைத்துத் தொடங்கிய வகுப்புதான் பெய்ஸ் யாக்கோவ் என்ற யூதப் பெண்கள் பள்ளிகளாகப் போலந்து முழுக்கப் பரவியது. அது தனி இழையில் பேச வேண்டிய அளவுக்குப் பெரிய கதை, தொடங்குங்கள், எழுதுகிறேன்.