இன்லைன் மஸ்ஸில்லோடருக்கு எந்த 209 ப்ரைமர் பொருந்தும்?

கேள்வி

வணக்கம். .50 காலிபர் இன்லைன் மஸ்ஸில்லோடர் (குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் இடும் துப்பாக்கி) ஒன்றில், 50 கிரெயின் அளவுள்ள டிரிபிள் செவன் பெல்லட்டுகள் (வில்லைகளாக வரும் வெடிமருந்து) இரண்டை இட்டுச் சுட்டு வருகிறேன். மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமராக, ஷாட்கன் தோட்டாக்களுக்கு உரிய வழக்கமான 209-ஐயே பயன்படுத்துகிறேன். முதல் குண்டு தடையின்றி இறங்குகிறது. இரண்டாவது குண்டோ, மருந்தின் மேல் அமர வேண்டிய இடத்துக்குச் சற்று முன்பாகவே கெட்டியான ஒரு வளையத்தில் மாட்டிக்கொண்டு, கோலை முழு பலத்துடன் அழுத்தினால்தான் நகர்கிறது. அடுத்து பிளாக்ஹார்ன் 209 மருந்துக்கு மாறவும் எண்ணியுள்ளேன். இரண்டு மருந்துகளுக்கும் ஒரே ப்ரைமர் போதுமா?

பதில் 1

போதாது, நண்பரே. நீங்கள் சொல்லும் இரண்டு மருந்துகளும் ப்ரைமரிடம் நேர் எதிரானவற்றைக் கேட்கின்றன.

டிரிபிள் செவன் எளிதில் பற்றிக்கொள்ளும். அதற்கு 209-இன் முழு வெப்பமும் தேவையில்லை. சூடு மிகுந்தால் நீங்கள் காணும் அந்தக் கசட்டு வளையம் இன்னும் கெட்டிப்படுகிறது. இதற்காகவே வின்செஸ்டர் நிறுவனம் டிரிபிள் செவன் பெயரிலேயே ஒரு ப்ரைமரையும், ரெமிங்டன் நிறுவனம் கிளீன்போர் ப்ரைமரையும் மஸ்ஸில்லோடருக்கென்று வீரியம் குறைத்து வெளியிட்டன. அவற்றில் ஒன்றுக்கு மாறினால் வளையம் வெகுவாகக் குறையும். முற்றிலும் மறையும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு சுடுதலுக்குப் பின்பும் ஈரத்துணி ஒன்றும் உலர்துணி ஒன்றும் குழலுக்குள் செலுத்தும் பழக்கத்தைக் கைவிடாதீர்கள்.

பிளாக்ஹார்ன் 209 நைட்ரோசெல்லுலோஸை அடிப்படையாகக் கொண்ட மருந்து. அது பற்றுவதற்கு வலுவான தீ வேண்டும். மேலே சொன்ன வீரியம் குறைந்த ப்ரைமர்களை அதனுடன் பயன்படுத்தினால், விசையை இழுத்த பின் ஒரு கணம் தாமதித்துச் சுடுவதும் சுடாமலே போவதும் நேரும். ஃபெடரல் 209ஏ அல்லது சிசிஐ 209எம் இதற்குத் தகுந்தவை. ப்ரீச் பிளக்கும் (ப்ரைமர் அமரும், குழலின் பின்முனையை மூடும் அடைப்பு) இந்த மருந்துக்கு ஏற்றதா என்று துப்பாக்கியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்: நைட்ரோசெல்லுலோஸ் என்ற பெயரைக் கேட்டுவிட்டு, சாதாரணப் புகையில்லா மருந்தையும் இட்டுப் பார்க்கலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அதன் அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்படாத குழல் பிளந்து, கையையும் கண்ணையும் பறித்துவிடும்.

பதில் 2

முந்தைய பதிலோடு உடன்படுகிறேன். ஆனால் ப்ரைமரின் வீரியத்தைப் பற்றியே பேசிவிட்டு, அது எவ்வளவு இறுக்கமாக அமர்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எல்லா 209-களும் அளவில் நூலிழை பிசகாமல் ஒன்றுபோல் இருப்பதில்லை; ஒரு நிறுவனத்தின் ப்ரைமர் உங்கள் பிளக்கில் கச்சிதமாகப் பொருந்த, இன்னொன்று தளர்வாக நிற்கலாம். பின்புறத்தில் இடைவெளி இருந்தால் தீயின் ஒரு பகுதி மருந்தை நோக்கிச் செல்லாமல் பின்னோக்கி வெளியேறும். சுட்ட பின் ஸ்கோப்பின் அடியிலும் போல்ட்டின் முகப்பிலும் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிந்திருந்தால், ப்ரைமரைத் தாங்கும் இடத்தில் மெல்லிய ஓ-ரிங் (ரப்பர் வளையம்) ஒன்றைப் பொருத்துவது பலருக்குப் பலன் தந்திருக்கிறது. பிளாக்ஹார்னுடன் ஏற்படும் தாமதங்களில் கணிசமானவை ப்ரைமரின் குற்றமே அல்ல, இந்தக் கசிவின் குற்றம் என்பது என் அனுபவம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஸ்கோப்பின் அடியில் கரி படிந்துதான் இருக்கிறது. அதைச் சாதாரணம் என்று எண்ணியிருந்தேன். விசையை இழுத்தும் சுடாமல் போனால் என்ன செய்வது?

பதில் 1

குழல்வாயைப் பாதுகாப்பான திசையிலேயே நிறுத்தி, குறைந்தது ஒரு நிமிடமாவது அசையாமல் காத்திருங்கள். மருந்து தாமதமாகப் பற்றக்கூடும். அதன் பிறகு புதிய ப்ரைமரை இட்டு மீண்டும் முயலுங்கள். அப்போதும் சுடாவிட்டால் பெரும்பாலும் பிளக்கின் தீத்துளை எண்ணெயாலோ கரியாலோ அடைபட்டிருக்கும். எண்ணெய் பூசி வைத்திருந்த துப்பாக்கியாக இருந்தால், மருந்து இடுவதற்கு முன்பே, குழல் காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, வெறும் ப்ரைமர் ஒன்றைச் சுட்டுத் துளையை உலர்த்திக்கொள்ளுங்கள். குழல்வாயைத் தரையில் கிடக்கும் ஒரு காய்ந்த இலைக்கு அருகில் பிடித்தால், இலை அசைவதை வைத்தே துளை திறந்திருப்பதை அறியலாம்.

வேட்டைக்குச் செல்வதாக இருந்தால் அந்தப் பகுதியின் விதிகளையும் முன்கூட்டியே படியுங்கள். அமெரிக்காவின் சில மாநிலங்களில் மஸ்ஸில்லோடர் பருவத்தில் 209 ப்ரைமருக்கே அனுமதியில்லை. அங்கே 209-ஐ விட வீரியம் குறைந்த தீமூட்டிகளான மஸ்கட் கேப் அல்லது 11-ஆம் எண் கேப்தான் வழி என்பதால், பிளாக்ஹார்னை நினைத்துப் பார்க்கவே முடியாது.